மலை சைக்கிளின் தாத்தா யார்?

உடுமலையில் எந்த சைக்கிள் கடை முன்னாலும் போய் நின்று பாருங்கள். வெளியே வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதில் பாதிக்கு மேல் கொழுத்த டயர், ஸ்பிரிங் வைத்த முன் போர்க், உடம்பெல்லாம் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரில் பெரிசாக 'எம்.டி.பி.' என்று எழுதியிருக்கும். மவுன்டன் பைக், அதாவது மலை சைக்கிள். பள்ளிக்கூடம் போகிற பையன் அதைத்தான் கேட்பான். அப்பா விலையைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் யோசிப்பார். அப்புறம் வாங்கிக் கொடுத்துவிடுவார். அந்த சைக்கிள் போகப்போவது தெருமுனை டியூஷனுக்கு!

இப்போது இன்னொரு காட்சி. விடியற்காலை, தளி பக்கத்துக் கிராமம் ஒன்று. பி.ஏ.பி. வாய்க்கால் கரையின் மண்தடத்தில் ஒரு பெரியவர் கறுப்பு நிற டபுள் பார் சைக்கிளில் பால் கேனை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு வருகிறார். தடத்தில் கல், டிராக்டர் போன பள்ளம், மழை பெய்திருந்தால் சேறு. வண்டிக்கு வயது முப்பதுக்கு மேல். கியர் கிடையாது, ஸ்பிரிங் போர்க் கிடையாது, ஸ்டிக்கரும் கிடையாது. ஆனாலும் பால் சிந்தாமல் சொசைட்டி வாசலுக்கு வந்து சேருகிறது.

இந்த இரண்டில் எது மலை சைக்கிள்?

சிரிக்க வேண்டாம். கேள்வி கொஞ்சம் சீரியஸானதுதான். மலை சைக்கிளின் வரலாற்றைப் புரட்டினால், பெரியவரின் வண்டிக்கும் அந்தக் குடும்பத்தில் ஒரு இடம் இருக்கிறது என்று தெரியும். ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை.

<b>எல்லோரும் சொல்லும் கதை</b>

மலை சைக்கிள் எங்கே பிறந்தது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமால்பையஸ் என்ற மலைப் பகுதியில், 1970களில்.

கதை சுவாரஸ்யமானது. 1930, 40களில் ஷ்வின் என்ற கம்பெனி குண்டு டயர் போட்ட கனமான சைக்கிள்களை நிறைய விற்றது. பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய வண்டி அது. 70களில் அதெல்லாம் பழைய இரும்பு. சில இளைஞர்கள் அவற்றைச் சில டாலருக்கு வாங்கி, மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, மலையிலிருந்து மண்பாதை வழியாகக் கீழே விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லி என்பவர் அதையே முறையான பந்தயமாக நடத்தினார். மூன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக்தான் அந்த வண்டிகளில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் பின் ஹப் கொதித்து உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். அடுத்த தடவை ஓட்டுவதற்கு முன் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்று பெயர். பந்தயத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். 1977ல் ஜோ பிரீஸ் இந்த ஓட்டத்துக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் செய்தார். 1979ல் கேரி ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிட்சி செய்து கொடுத்த ஃபிரேம்களை வைத்து 'மவுன்டன்பைக்ஸ்' என்ற பெயரில் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1981ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மாடலைப் பெரிய அளவில் தயாரித்து விற்றது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் ஒரு போட்டி. பழைய இரும்பிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வரை சரியாக இருபது வருஷம்!

<b>அதற்கும் முன்னால்...</b>

கொஞ்சம் பொறுங்கள். 1976க்கு முன்னால் யாரும் மண்பாதையில் சைக்கிள் விடவில்லையா என்ன?

1897ல் அமெரிக்க ராணுவத்தின் 25வது காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்பினச் சிப்பாய்கள், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில், மொன்டானா மாநிலத்தின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரம் வரை சைக்கிளில் போனார்கள். தூரம் சுமார் 1,900 மைல், அதாவது மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எடுத்துக்கொண்டது 41 நாட்கள். மலை, மணல், சேறு, ரயில் தண்டவாளம் எல்லாம் அந்தப் பாதையில் உண்டு. துப்பாக்கியும் கூடாரமும் உணவும் வண்டியிலேயே.

1951 முதல் 1956 வரை பாரீஸ் புறநகரில் இருபது இளைஞர்கள் அளவில் சேர்ந்து தங்கள் சைக்கிள்களை மாற்றிக் கட்டி மண்மேட்டில் பந்தயம் விட்டார்கள். 1953ல் அமெரிக்காவில் ஜான் ஃபின்லி ஸ்காட் என்பவர் சாதாரண ஷ்வின் ஃபிரேமில் குண்டு டயர், நேரான ஹேண்டில் பார், கியர் எல்லாம் பூட்டிக் காட்டுப்பாதையில் ஓட்டினார். அதைப் பார்த்தால் இன்றைய மலை சைக்கிள் என்றே தோன்றும். ஆனால் வாங்க ஆளில்லை. 1955ல் இங்கிலாந்தில் 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்ற சங்கம் ஆரம்பமானது. தார் ரோட்டை விட்டுக் கரட்டுப் பாதையில் போகிறவர்களுக்கான சங்கம் அது. அவர்கள் புது வண்டி எதையும் தேடவில்லை. இருந்த வண்டியைத் தேவைப்பட்ட இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இவர்களுக்குள் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. எவரும் கம்பெனி சொல்லி இதைச் செய்யவில்லை. கையில் இருந்தது ஒரு சாதாரண சைக்கிள், முன்னால் இருந்தது ரோடு இல்லாத ஒரு பாதை. வண்டியை அந்தப் பாதைக்குத் தோதாக மாற்றினார்கள், அல்லது தங்களை மாற்றிக்கொண்டார்கள். 'முன்னோடி' என்ற பட்டத்துக்கு அதுவே தகுதி என்றால், பட்டியல் பாரீஸோடும் இங்கிலாந்தோடும் முடியக் கூடாது. உடுமலை வாய்க்கால் கரைக்கும் வர வேண்டும்.

<b>டபுள் பார் என்னும் அதிசயம்</b>

நம்மூர் கறுப்பு சைக்கிள் பிரிட்டிஷ்காரர்களின் 'ரோட்ஸ்டர்' வகையைச் சேர்ந்தது. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று கப்பலில் வந்து இறங்கியவை முதலில். பிறகு 1949ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தன. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அம்பத்தூரிலிருந்தே வர ஆரம்பித்தது. வடக்கே அட்லஸும் ஹீரோவும்.

இந்த வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள்.

முதலில் சக்கரம். 28 இஞ்ச் சக்கரத்தின் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். அமெரிக்காவின் மலை சைக்கிள்கள் 26 இஞ்ச் சக்கரத்தில் ஆரம்பித்தன. காரணம், அந்தப் பழைய ஷ்வின் வண்டிகளில் இருந்தது அந்த அளவு. இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான், பெரிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் சுலபமாகத் தாண்டும் என்று '29 இஞ்ச்' சக்கரத்துக்கு மாறினார்கள். அதன் ரிம் 622 மில்லிமீட்டர். நம்மூர் பால்காரர் வண்டியின் ரிம் அதைவிட 13 மில்லிமீட்டர் பெரியது! (டயரின் தடிமன் சேர்த்தால் அவர்களுடையது பெரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) மாட்டுவண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிசாக இருந்தது என்று யோசித்தால் இதன் சூட்சுமம் புரியும்.

இரண்டாவது, ஹேண்டில் தண்டின் சாய்வு. ரேஸ் சைக்கிளில் அது கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். ரோட்ஸ்டரில் நன்றாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முன் போர்க்கின் கீழ்நுனி முன்னால் வளைந்து நீண்டிருக்கும். கல்லில் ஏறினாலும் ஹேண்டில் வெடுக்கென்று திரும்பாது, வளைந்த போர்க் அதிர்ச்சியில் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். கலிபோர்னியா இளைஞர்கள் ஷ்வின் வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்தச் சாய்வு ஒரு காரணம்.

மூன்றாவது, கிராமத்துப் பட்டறை. கடையில் வாங்கிய வண்டியை யாரும் அப்படியே ஓட்டியதில்லை. போர்க்கின் இரு பக்கமும் சப்போர்ட் கம்பி. ஆங்கிள் இரும்பில் வெல்டிங் வைத்த கேரியர். மூட்டையோடு நிற்பதற்கு அகலமான ஸ்டாண்டு. முள்ளுக்காட்டில் பஞ்சர் ஆகாமல் இருக்க டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பழைய டயரின் துண்டு. குடிமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் நனைந்தால் மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. அதனால் மட்கார்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கலிபோர்னியாவில் செய்தால் கண்டுபிடிப்பு, கரிசல் காட்டில் செய்தால் வறுமை. இதென்ன நியாயம்?

இதில் ஏற்றாத சரக்கு உண்டா? தேங்காய், தீவனப்புல், நெல் மூட்டை, துணி மூட்டை, ஐஸ் பெட்டி, சாணைக்கல், போதாததற்கு முன்னால் பாரில் குழந்தை, பின்னால் மனைவி. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற எதிர்க்காற்றில் இத்தனையையும் மிதித்துக்கொண்டு போனவர்களின் காலை எந்த ஒலிம்பிக்கும் அளந்ததில்லை.

<b>ஆனால் இது மலை சைக்கிளா?</b>

நேர்மையாகச் சொன்னால், இல்லை.

கியர் இல்லாததால் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். வண்டியின் எடை மட்டுமே இருபது கிலோ அளவுக்கு வரும். கம்பி பிரேக்கோ மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிடிக்கவே பிடிக்காது. இறக்கத்தில் செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். திருமூர்த்தி மலைக்கு மேலே இருக்கும் குருமலை, குழிப்பட்டி போன்ற மலைக்கிராமத்து மக்கள் நெடுங்காலம் கால்நடையாகத்தான் இறங்கி ஏறினார்கள். டபுள் பார் சைக்கிளின் ராஜ்ஜியம் மலையடிவாரத்தோடு முடிந்துவிட்டது.

இன்னொரு வாதமும் உண்டு. 'மலை சைக்கிள் என்பது விளையாட்டு. பால் கேன் கொண்டு போவது பிழைப்பு. இரண்டையும் ஒன்றாகப் பேசலாமா?' என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1897ல் போன சிப்பாய்கள் விளையாடவா போனார்கள்? அவர்களை முன்னோடிகள் பட்டியலில் சேர்க்கும்போது, வியட்நாமில் 1954ல் தியன் பியன் பூ போருக்கு மூங்கில் கழி கட்டிய சைக்கிள்களில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றிக் காட்டு வழியே தள்ளிக்கொண்டு போனவர்களையும் சேர்க்கத்தானே வேண்டும்? பிழைப்புக்காக மிதித்தவர்களைத் தள்ளிவிட்டு, பொழுதுபோக்குக்காக மிதித்தவர்களை மட்டும் வரலாற்றில் எழுதினால் அது பாதி வரலாறுதான்.

டபுள் பார் மலை சைக்கிள் அல்ல. ஆனால் அதன் தாத்தாக்களில் ஒருவர். அவ்வளவுதான் வாதம்.

<b>புதுக்கோட்டை சொன்ன பாடம்</b>

ரோடு சரியில்லாத இடத்தில் ஒரு சைக்கிள் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் அதில் சேர்த்தார். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அவர் பதிவு செய்த இன்னொரு சின்ன விஷயம் முக்கியம். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. ஏன் தெரியுமா? பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

ஒரு வண்டி எதற்கு என்பதைத் தீர்மானிப்பது அதைச் செய்த கம்பெனி அல்ல, ஓட்டுகிற மனுஷிதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

<b>பேர் வைத்தவர்களுக்கே சொந்தம்</b>

அப்படியானால் நம்மூர் வண்டி ஏன் கணக்கில் வரவில்லை? இதற்கு பதில் மெக்கானிக் பட்டறையில் இல்லை, காமர்ஸ் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

1953ல் ஸ்காட் செய்த வண்டிக்கும் 1977ல் பிரீஸ் செய்த வண்டிக்கும் என்ன பெரிய வித்தியாசம்? பிரீஸ் காலத்தில் சுற்றிலும் பந்தயம் விடுகிற கூட்டம் இருந்தது, வாங்க ஆள் இருந்தது, எழுதப் பத்திரிகை இருந்தது. ஃபிஷரும் கெல்லியும் செய்த பெரிய காரியம் அதற்கு ஒரு பெயர் வைத்ததுதான். அந்தப் பெயரை வணிகக் குறியாகத் தங்களுக்கே வைத்துக்கொள்ள முயன்று முடியாமல் போனது. அதனால்தான் இன்று யார் வேண்டுமானாலும் எந்த வண்டியில் வேண்டுமானாலும் அந்த ஸ்டிக்கரை ஒட்டலாம்!

வேடிக்கை என்னவென்றால், இதற்கெல்லாம் மூலமான ஷ்வின் கம்பெனியே இதைக் கோட்டை விட்டது. 1978ல் 'கிளங்கர் 5' என்று ஒரு மாடலைக் கொண்டுவந்து, சரியாக விற்கவில்லை என்று சீக்கிரமே நிறுத்திவிட்டது. 1992ல் அந்தக் கம்பெனி திவாலானது. தன் பழைய வண்டியை ஜனங்கள் எப்படி மாற்றி ஓட்டுகிறார்கள் என்று கவனிக்காத கம்பெனிக்குக் கிடைத்த பரிசு அது.

இந்தியக் கம்பெனிகளும் அதே தப்பைச் செய்தன என்றுதான் சொல்ல வேண்டும். இந்திய சைக்கிள் வியாபாரத்தில் இரண்டு ஜாதி உண்டு. கறுப்பு வண்டி 'ஸ்டாண்டர்டு'. கலர் வண்டி 'ஃபேன்ஸி'. 1990களில் ஹீரோ ரேஞ்சர், ஹெர்குலிஸ் எம்.டி.பி. என்று மலை சைக்கிள் தோற்றத்தில் வண்டிகள் வந்தபோது எல்லாம் ஃபேன்ஸி பக்கமே போயின. ஸ்டாண்டர்டு வண்டியின் உருவம் பல பத்தாண்டுகளாக அப்படியே இருந்தது. எதிர்க்காற்றில் மூட்டையோடு மிதித்தவருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு கியர், மழையில் பிடிக்கிற ஒரு பிரேக். அது இரண்டும் தேவைப்பட்டவருக்குப் போகவில்லை. டியூஷன் போகிற பையனுக்கு கியர் போனது, அவனுக்கும் கூடவே கேரியர் போய்விட்டது.

<b>போனால் போகட்டுமா?</b>

இதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லோரிடமும் மொபெட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறதுதான். பெட்ரோல் செலவும் கூடவே இருக்கிறது. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஷிப்டுக்குப் போகிறவர்களில், தோப்பு வேலைக்குப் போகிறவர்களில் இன்றும் சைக்கிளை நம்பியிருப்பவர்கள் உண்டு. தமிழக அரசு 2001-02ல் தொடங்கிப் பின்னர் விரிவாக்கிய இலவச சைக்கிள் திட்டத்தில் வண்டி வாங்கிய கிராமத்துப் பிள்ளைகள் ஓட்டுவதும் தார் ரோட்டில் மட்டுமல்ல.

இங்கேதான் ஒரு செய்தி கண்ணைத் திறக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தது 'வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப்' என்ற அமைப்பு. அதை 2005ல் ஆரம்பித்தவர்களில் ஒருவர் எஃப்.கே. டே. மலை சைக்கிளுக்கு கியர் செய்து வளர்ந்த ஸ்ராம் கம்பெனியை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர். இந்த அமைப்பு பின்னர் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்காக 'பஃபலோ' என்ற வண்டியை வடிவமைத்தது. எப்படி இருக்கும் தெரியுமா? கறுப்பு நிறம், கனத்த இரும்பு ஃபிரேம், நூறு கிலோ தாங்கும் கேரியர், அகலமான ஸ்டாண்டு. பார்த்த உடனே பால்காரர் ஞாபகம் வரும்! சமீபத்தில் அதில் இரண்டு கியர் உள்ள மாடலும் வந்துவிட்டது.

மலை சைக்கிளில் சம்பாதித்தவர்களே கடைசியில் தாத்தாவிடம் திரும்பி வந்து, அவருக்கு ஒரு கியர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை அம்பத்தூரும் லூதியானாவும் நாற்பது வருஷம் முன்னாலேயே செய்திருக்கலாமே? அரசு கொடுக்கிற சைக்கிளில் மலையடிவாரப் பள்ளிகளுக்காவது நல்ல பிரேக்கும் இரண்டு கியரும் சேர்த்துக் கேட்கலாமே? ஸ்டிக்கருக்கு ஆகும் செலவைவிட அது அதிகம்தான். ஆனால் அது ஏறுகிறவர் காலுக்குத் தெரியும் செலவு.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒரு ஸ்டம்ப்ஜம்பர் சைக்கிள் பத்திரமாக இருக்கிறது. உடுமலையின் டபுள் பார் வண்டிகள் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அட்லஸ் கம்பெனியின் கடைசித் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று மூடப்பட்டது. அன்று உலக சைக்கிள் தினம்! ரிம் கோட்டம் எடுக்கத் தெரிந்த பட்டறைக்காரர்களுக்கும் வயதாகிவிட்டது. எந்த ஊர் மண்ணுக்கு எந்த மாற்றம் செய்தார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கிறதே தவிர எங்கேயும் எழுதப்படவில்லை.

வீட்டுத் தாழ்வாரத்தில் அப்படி ஒரு வண்டி சாய்ந்து கிடந்தால், இரும்புக் கடைக்காரர் வருவதற்கு முன்னால் ஒரு தடவை அதை வாய்க்கால் கரையில் ஓட்டிப் பாருங்கள். போர்க்கில் ஏன் அந்தக் கம்பி, கேரியரில் ஏன் அந்த வெல்டிங் என்று அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள்.

பதில் சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.